ஹென்ட்ரிக்ஸின் 'தி க்ரை ஆஃப் லவ்': எது அவர் வாசித்தது, எது பிறகு சேர்த்தது?

தாமோ கேட்டது:

அமெரிக்க ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970 செப்டம்பர் 18 அன்று லண்டனில் இறந்தார். 'தி க்ரை ஆஃப் லவ்' வெளிவந்தது 1971 மார்ச்சில். நடுவில் ஆறு மாதம்கூட இல்லை. பொறியாளர் எடி கிரேமரும் டிரம்மர் மிட்ச் மிட்செலும் சேர்ந்து முடித்தார்கள் என்பதுவரை தெரியும். என் கேள்விகள் இவை:

இந்த ஆல்பத்தில் அவர் இறந்த பிறகு சேர்க்கப்பட்டது எவ்வளவு? எந்தெந்தப் பாட்டில்? 1971-இன் பத்துப் பாட்டு ஆல்பத்தை வாங்குவதா, 1997-இல் வந்த பதினேழு பாட்டு 'ஃபர்ஸ்ட் ரேஸ் ஆஃப் தி நியூ ரைசிங் சன்' வாங்குவதா? இதை அவருடைய நான்காவது ஸ்டுடியோ ஆல்பம் என்று சொல்லலாமா, இல்லை மிச்சம்மீதியைப் பொறுக்கிச் சேர்த்த தொகுப்பா?

கிட்டார் வாசிப்பவன் என்பதால் வாசிப்புப் பக்கத்தில் இருந்தும் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

---

பதினாறுதடம்:

மிச்சம்மீதி இல்லை, தாமோ. அந்த வார்த்தைக்குப் பொருத்தமான ஆல்பங்கள் பின்னால் வந்தன, அவற்றைப் பிறகு பார்ப்போம்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நியூயார்க் கிரீனிச் வில்லேஜில், 52 மேற்கு 8-ஆம் தெருவில், ஹென்ட்ரிக்ஸ் தனக்கென்று கட்டிய எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோ. வடிவமைத்தவர் ஜான் ஸ்டோரிக். கட்டடம் முழுதாக முடிவதற்கு முன்பே, 1970 ஜூன் நடுவில் இருந்து, அங்கே பதிவு ஓடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 26 அன்று முறைப்படி திறப்பு விழா. அதோடு அவர் இங்கிலாந்துக்குக் கிளம்பிவிட்டார், திரும்பி வரவில்லை. ஆக, இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி ஒரே கோடையில், ஒரே கட்டடத்தில், ஒரே பொறியாளரிடம் பதிவானது. கிரேமருக்கு அந்த டேப்களில் எந்தத் தடத்தில் (ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனியாகப் பதிவாகும் கோடு) என்ன இருக்கிறது, எந்தக் கிட்டாரை ஹென்ட்ரிக்ஸ் வைத்துக்கொள்ள நினைத்தார் என்பதெல்லாம் மனப்பாடம். இது சாதாரண அனுகூலம் இல்லை. ஐந்து வருடம் கழித்து ஒரு புதிய ஆள் அதே பெட்டியைத் திறந்தால் அவருக்குக் கிடைப்பது டேப்பின் உறையில் இருக்கும் குறிப்பு மட்டும்தான்.

பாடல்களை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்.

ஒன்று, அவர் உயிரோடு இருந்தபோதே கிரேமருடன் உட்கார்ந்து மிக்ஸ் செய்தவை, அதாவது தனித்தனித் தடங்களை அளவு பார்த்து ஒன்றாகக் கலந்தவை: 'ஃப்ரீடம்', 'நைட் பேர்ட் ஃப்ளையிங்'. ('டாலி டாகர்' கூட இந்த வகைதான், ஆனால் அது இந்த ஆல்பத்தில் இல்லை. ஏன் இல்லை என்பது தனிக் கதை.) இவற்றில் நீங்கள் கேட்கும் சத்த அளவுகளும், இடது வலதுப் பிரிப்பும் பெருமளவு அவர் கை.

இரண்டு, வாசிப்பும் பாட்டும் அவர் முடித்து, மிக்ஸ் மட்டும் கிரேமரும் மிட்செலும் செய்தவை. 'ஸ்ட்ரெய்ட் அஹெட்', 'இன் ஃப்ரம் தி ஸ்டார்ம்' எல்லாம் இதில்.

மூன்று, இறந்த பிறகு ஏதோ ஒரு வாத்தியம் சேர்ந்தவை. 'டிரிஃப்டிங்' பாட்டில் பஸ்ஸி லின்ஹார்ட் வாசித்த வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைக் கோலால் தட்டி வாசிக்கும் வாத்தியம்) 1970 நவம்பரில் சேர்த்தது. 'ஏஞ்சல்' பாட்டில் மிட்செல் அக்டோபரில் திரும்ப உட்கார்ந்து டிரம்ஸ் சேர்த்தார்.

கவனியுங்கள்: இரண்டுமே கிட்டார் இல்லை, குரல் இல்லை. மூலப் பதிவில் வாசித்த அதே மிட்செல்தான் பிறகும் வாசித்தார். ஆல்பம் முழுவதிலும் ஹென்ட்ரிக்ஸ் அல்லாத ஒருவர் வாசித்த கிட்டார் என்று சொன்னால் 'மை ஃபிரெண்ட்' பாட்டில் கென் பைனின் பன்னிரண்டு கம்பிக் கிட்டார். அதுவும் 1968 மார்ச்சில் ஹென்ட்ரிக்ஸ் பக்கத்தில் இருக்கும்போதே பதிவானது.

டிரம்ஸைப் பின்னால் சேர்ப்பது ஏன் ஆபத்து என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து ராக் பதிவுகளில் கிளிக், அதாவது வேகத்தை நிலையாக வைக்கக் காதில் ஓடவிடும் தாள ஒலி, கிடையாது. வேகத்தை டிரம்மரும் கிட்டார்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு கூட்டியும் குறைத்தும் போவார்கள். அந்த டிரம்மரை எடுத்துவிட்டு வேறு ஆளை உட்கார வைத்தால், புது ஆள் ஒவ்வொரு அடியிலும் கிட்டாருக்குப் பின்னால் ஓட வேண்டிவரும். அடி விழும் இடம் ஒரு நூல் தள்ளிப்போனாலும் பாட்டு தளர்ந்துவிடும். இன்னொன்று, ஒரே அறையில் வாசித்தால் பழைய டிரம்ஸின் சத்தம் கிட்டார் மைக்கிலும் குரல் மைக்கிலும் கசிந்திருக்கும். டிரம்ஸ் தடத்தை அணைத்தாலும் கசிவு போகாது. புது ஸ்நேர் (டிரம்ஸில் 'டப்' என்று வெடிக்கும் சிறு டிரம்) அடியோடு பழைய அடியின் நிழலும் சேர்ந்து இரட்டையாக விழும். 'ஏஞ்சல்' தப்பித்ததற்குக் காரணம், அதை வாசித்த கை அதே கை. பாட்டின் வேகம் எங்கே மூச்சு விடும் என்று மிட்செலுக்குத் தெரியும்.

இதே வேலை தப்பாகப் போனால் எப்படி இருக்கும் என்பதற்கு 1975-இன் 'க்ராஷ் லேண்டிங்' இருக்கிறது. தயாரிப்பாளர் ஆலன் டக்ளஸ், பெரும்பாலான பாட்டுகளில் மூல டிரம்ஸ், பேஸ் இரண்டையும் நீக்கிவிட்டு ஆலன் ஷ்வார்ட்ஸ்பெர்க், பாப் பாபிட் போன்ற ஸ்டுடியோ கலைஞர்களை வாசிக்க வைத்தார். ஜெஃப் மிரோனோவின் கிட்டாரும் சேர்ந்தது. ஹென்ட்ரிக்ஸை நேரில் சந்திக்காத கைகள் அவர் பாட்டுக்கு அடித்தளம் போட்டன. சில பாட்டுகளில் இயற்றியவர் பட்டியலிலும் டக்ளஸ் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டார். அது அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது என்பது வேறு விஷயம்.

ஒப்பிட்டுக் கேட்க நல்ல வழி ஒன்று உண்டு. 'க்ராஷ் லேண்டிங்' என்ற பாட்டின் மூலப் பதிவு, 1970-இல் ஹென்ட்ரிக்ஸோடு வாசித்த பேஸ் கலைஞர் பில்லி காக்ஸின் பேஸோடு, 2013-இல் வந்த 'பீப்பிள், ஹெல் அண்ட் ஏஞ்சல்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. 1975 பதிப்பையும் இதையும் அடுத்தடுத்துப் போடுங்கள். 1975 பதிப்பு வழவழப்பாக இருக்கும், ஆனால் கிட்டார் ஒரு பக்கம் சாய, தாளம் நேராக நிற்கும். மூலத்தில் கிட்டாரும் பேஸும் சேர்ந்தே சாய்கின்றன. அது காதில் பட்டுவிட்டால் 'தி க்ரை ஆஃப் லவ்' எவ்வளவு நேர்மையான வேலை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

---

கோமதி:

சேர்த்ததைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இந்த ஆல்பத்தின் குறை சேர்த்ததில் இல்லை, விட்டதில் இருக்கிறது.

ஹென்ட்ரிக்ஸ் திட்டமிட்டது ஒரே தட்டில் அடங்கும் ஆல்பம் இல்லை. அவர் கைப்பட எழுதிவைத்த பாட்டுப் பட்டியலில் பக்கம் ஏ, பி, சி என்று மூன்று பக்கங்களுக்குப் பாட்டுகள் இருக்கின்றன. முதல் பக்கத்திலேயே 'டாலி டாகர்', 'ரூம் ஃபுல் ஆஃப் மிரர்ஸ்' இரண்டும் வருகின்றன. இரண்டுமே 1971 ஆல்பத்தில் இல்லை! மேலாளர் மைக்கேல் ஜெஃப்ரி தயாரித்த 'ரெயின்போ பிரிட்ஜ்' படத்துக்கு இசைத்தட்டு வேண்டியிருந்தது. அதற்காக நல்ல பாட்டுகளை ஒதுக்கிவைத்தார்கள். அது 1971 அக்டோபரில் தனியாக வந்தது. ஒரு ஆல்பத்தை இரண்டாக உடைத்து விற்றார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த ஓட்டையை எதை வைத்து அடைத்தார்கள்? 'மை ஃபிரெண்ட்'. 1968 பதிவு. டிரம்ஸ் ஜிம்மி மேஸ், பியானோ ஸ்டீஃபன் ஸ்டில்ஸ், ஹார்மோனிகா பால் கருசோ. காக்ஸும் இல்லை, மிட்செலும் இல்லை. நல்ல பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் 'நைட் பேர்ட் ஃப்ளையிங்' முடிந்து அடுத்ததாக அது வரும்போது அறையே மாறிவிடுகிறது. டிரம்ஸின் எதிரொலி வேறு, குரலின் தூரம் வேறு. 1970 கோடையில் அவர் போய்க்கொண்டிருந்த திசைக்கும் அந்தப் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை.

'ஈஸி ரைடர்' கூட 1969 டிசம்பரில், பட்டி மைல்ஸ் டிரம்ஸோடு, ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோவில் பதிவானதுதான். ஆனால் அதை ஹென்ட்ரிக்ஸ் 1970-இலும் எடுத்துச் செப்பனிட்டுக்கொண்டே இருந்தார், அதனால் அது உறுத்தவில்லை.

எனவே வாங்குவதென்றால் 1997 பதிப்பு. பத்துப் பாட்டும் அதில் உண்டு. கூடவே 'ரெயின்போ பிரிட்ஜ்' ஆல்பத்தில் இருந்து 'ரூம் ஃபுல் ஆஃப் மிரர்ஸ்', 'டாலி டாகர்', 'ஹே பேபி', 'எர்த் ப்ளூஸ்' நான்கும், 1972-இன் 'வார் ஹீரோஸ்' ஆல்பத்தில் இருந்து 'இஸபெல்லா', 'பிகினிங்ஸ்', 'ஸ்டெப்பிங் ஸ்டோன்' மூன்றும். மொத்தம் பதினேழு. உரிமைகள் 1995-இல் ஹென்ட்ரிக்ஸின் தந்தை ஆல் கைக்குத் திரும்பிய பிறகு கிரேமர் மேற்பார்வையில் வந்தது இது.

அதே 1995-இல் டக்ளஸ் வெளியிட்ட 'வூடூ சூப்' பக்கம் போகவே வேண்டாம். 'ரூம் ஃபுல் ஆஃப் மிரர்ஸ்', 'ஸ்டெப்பிங் ஸ்டோன்' இரண்டிலும் புரூஸ் கேரியை வைத்துப் புதிதாக டிரம்ஸ் போட்டிருக்கிறார்கள். இருபத்தைந்து வருட இடைவெளி அந்த ஸ்நேரிலேயே கேட்கிறது.

---

ஸ்ட்ராட் மணி:

கோமதி சொல்வது வரலாறாகச் சரி. ஆல்பமாகக் கேட்கும்போது எனக்கு வேறு அபிப்பிராயம். பதினேழு பாட்டும் சேர்ந்து ஏறக்குறைய 68 நிமிடம். நடுவில் 'பிகினிங்ஸ்', 'ஸ்டெப்பிங் ஸ்டோன்' வரும் இடத்தில் காது களைத்துவிடுகிறது, ஏனென்றால் அவை இன்னும் தேடிக்கொண்டிருக்கும் பாட்டுகள். 1971 ஆல்பம் பக்கத்துக்கு இருபது நிமிடம். 'ஃப்ரீடம்' பாட்டின் முறுக்கில் இருந்து நேராக 'டிரிஃப்டிங்' பாட்டின் மிதப்புக்குப் போகும் அந்த இரண்டாவது அடி, 1997 வரிசையில் இல்லாமல் போய்விட்டது. அங்கே 'டிரிஃப்டிங்' எட்டாவதாக வருகிறது.

சரி, வாசிப்புக்கு வருகிறேன்.

டியூனிங்: அரை ஸ்வரம் கீழே. ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட், ஜி ஃப்ளாட், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட். இதைச் செய்தும் பதிவோடு சேரவில்லை என்றால் கிட்டாரைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள். டேப் வேகம் லேசாக மாறினாலே சுருதி சில சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) நகரும். கணினியில் பாட்டை ஐந்து ஐந்து சென்டாக நகர்த்திப் பார்த்து, உங்கள் திறந்த கம்பியோடு அலை அடிப்பது நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

எங்கே தொடங்குவது: 'பெல்லி பட்டன் விண்டோ'. 1970 ஆகஸ்ட் 22 பதிவு. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை, அவரும் கிட்டாரும்தான். தாயின் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தை வெளியே பார்ப்பதாகப் பாட்டு. ஒரு கிட்டார் தாளம் பிடிக்க, மேலே வா பெடல் (காலால் அழுத்தி ஒலியை 'வா வா' என்று மாற்றும் கருவி) போட்ட இன்னொன்று பதில் சொல்கிறது. முதலில் கீழ்க்கிட்டாரை மட்டும் எடுங்கள். கட்டைவிரலால் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடித்து, மற்ற விரல்களைச் சிறு அலங்காரங்களுக்கு விட்டுவைக்கும் அவருடைய முறை இங்கே மூடாமல் தெரியும். பாரே கார்டாக, அதாவது ஆள்காட்டி விரலால் எல்லாக் கம்பிகளையும் ஒரே சமயம் அழுத்திப் பிடித்தால் அந்த அலங்காரங்களுக்கு விரல் மிஞ்சாது.

'நைட் பேர்ட் ஃப்ளையிங்' பாட்டை ஒரே கிட்டாரில் வாசிக்க முயன்று சலித்துப்போகிறவர்கள் நிறைய. அது ஒரு கிட்டார் இல்லை. பல தடங்களில் அவரே தன்னோடு பேசிக்கொள்கிறார். லூப் பெடலில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் கருவி) தாளக் கிட்டாரை வைத்துவிட்டு, இடது பக்கக் கிட்டாரை ஒருநாள், வலது பக்கத்தை ஒருநாள் என்று தனித்தனியாக எடுப்பதுதான் வழி.

'டிரிஃப்டிங்' பாட்டின் தலைகீழ்க் கிட்டார் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். டேப் காலத்தில் செய்தது இப்படி: ரீலைப் புரட்டிப் போட்டு, பாட்டைக் கடைசியில் இருந்து முதலுக்கு ஓடவிட்டு, அதன்மேல் கிட்டார் வாசித்து, மறுபடி நேராகப் போடுவது. புரட்டியதும் தட எண்கள் கண்ணாடிப் பிம்பமாகிவிடும். பதினாறு தட டேப்பில் 1-ஆம் தடம் 16-இன் இடத்துக்குப் போகும், 2-ஆம் தடம் 15-க்கு. இரண்டையும் கூட்டினால் எப்போதும் 17. காலியான தடம் 5 என்றால் பதிவுப் பொத்தானை அழுத்த வேண்டியது 12-இல். மறந்துபோய் 5-ஐ அழுத்தினால் மூலத்தின் 12-ஆம் தடத்தில் இருந்தது, அது குரலாகவே இருந்தாலும், அழிந்துவிடும்.

இன்று கணினியில் செய்வதென்றால் பாட்டின் அந்தப் பகுதியை முன்னும் பின்னும் இரண்டு தாளவட்டம் அதிகமாக வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். அதைத் தலைகீழாக்கி ஓடவிட்டு, புதிய தடத்தில் கிட்டார் வாசித்துப் பதிவு செய்யுங்கள். கார்டு வரிசையும் தலைகீழாகத்தான் வரும், அதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டையும் நேராக்குங்கள். இங்கே ஒரு சிக்கல் வரும். பதிவில் பத்து மில்லிசெகண்ட் தாமதம் இருந்தால், நேராக்கியதும் கிட்டார் பத்து மில்லிசெகண்ட் முந்தி நிற்கும். வழக்கமாக நகர்த்தும் திசைக்கு எதிராக, தாமதமாகும் பக்கம், தள்ள வேண்டும். இன்னொன்று, ஸ்வரத்தைப் பாதியில் வெட்டாதீர்கள். நீங்கள் கையை எடுக்கும் இடம்தான் நேராக்கிய பிறகு ஸ்வரம் பிறக்கும் இடம். திடீரென்று நிறுத்தினால் அங்கே ஒரு 'டக்' கேட்கும். தானாக அடங்க விட்டால்தான் அந்த மெல்ல எழும் வீக்கம் கிடைக்கும்.

அந்த வைப்ரஃபோன் பாட்டைக் கெடுத்துவிட்டது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தலைகீழ்க் கிட்டாரில் தட்டும் ஓசை கடைசியில் வருகிறது. வைப்ரஃபோனில் தட்டும் ஓசை முதலில் வந்து வால் நீள்கிறது. ஒன்று எழுந்து முடியும் இடத்தில் மற்றது தொடங்கித் தேய்கிறது. இடத்தை அடைக்காமல் உட்கார்ந்திருக்கிறது. ஹென்ட்ரிக்ஸ் இருந்திருந்தால் வைத்திருப்பாரா என்பதை யாரும் சொல்ல முடியாது, ஆனால் வைத்தவர் காது பாட்டுக்குள் இருந்த காது.

---

தாமோ:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி: வைப்ரஃபோன், பின்னணிக் குரல் இதையெல்லாம் பிரித்துக் கேட்க வழி உண்டா? பழைய வினைல் கிடைத்தால் எதைப் பார்த்து வாங்குவது?

---

பதினாறுதடம்:

முழுதாகப் பிரிக்க முடியாது. நடுவில் இருப்பதை அடக்கிவிட்டு ஓரங்களை மட்டும் கேட்கலாம், அதுவே நிறையக் காட்டிக்கொடுக்கும்.

சிடியில் இருந்து எடுத்த கோப்பு வேண்டும், ஃப்ளாக் அல்லது வேவ். எம்பி3 வேண்டாம். அது இரண்டு பக்கத்துக்கும் பொதுவானதைச் சேர்த்துச் சுருக்குவதால், நடுவை நீக்கியதும் சலசலவென்று ஒரு குப்பைச் சத்தம்தான் மிஞ்சும். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, ஸ்டீரியோவை இரண்டு மோனோ தடமாகப் பிரியுங்கள். ஒரு தடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து இன்வர்ட் (ஒலி அலையைத் தலைகீழாகத் திருப்பும் கட்டளை) கொடுங்கள். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால் நடுவில் சமமாக இருந்தவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும், பெரும்பாலும் முதன்மைக் குரல், பேஸ், பெரிய டிரம். ஓரத்துக் கிட்டார்களும், பின்னணிக் குரல்களும், எதிரொலியும் முன்னால் வரும். குரலின் எதிரொலி மட்டும் பேய் போலக் கேட்கும். அது பிழை இல்லை, எதிரொலி ஸ்டீரியோவில் இருப்பதால் அடங்குவதில்லை. நடு சரியாக அடங்கவில்லை என்றால் ஒரு பக்கத்தின் சத்தத்தைக் கால் டெசிபல், அரை டெசிபல் என்று ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

'ஃப்ரீடம்' பாட்டில் இதைச் செய்து பாருங்கள். ஆலன் சகோதரர்களின், அதாவது கெட்டோ ஃபைட்டர்ஸின், பின்னணிக் குரலும் ஜூமா சுல்தானின் காங்கா கைமுரசும் கிட்டார்களுக்கு நடுவில் எப்படி இடம் பிடித்திருக்கின்றன என்று தேடுங்கள். இவ்வளவு நெருக்கத்திலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. ஹென்ட்ரிக்ஸ் தானே உட்கார்ந்து செய்த மிக்ஸ் எப்படி இருக்கும் என்பதற்கு இதுதான் அளவுகோல். அதை வைத்து 'ஸ்ட்ரெய்ட் அஹெட்' பாட்டைக் கேட்டால், அவர் இல்லாமல் செய்த மிக்ஸ் கொஞ்சம் அடக்கமாக, துணிச்சல் குறைவாக இருப்பது தெரியும். என்னைக் கேட்டால் இந்த ஆல்பத்தில் நாம் உண்மையில் இழந்தது அந்தத் துணிச்சலைத்தான்.

ஐந்து புள்ளி ஒன்று ஒலியமைப்பு வீட்டில் இருந்தால், 2024-இல் வந்த 'எலக்ட்ரிக் லேடி ஸ்டுடியோஸ்' பெட்டியில் ப்ளூரே ஒன்று இருக்கிறது. 'ஃபர்ஸ்ட் ரேஸ்' ஆல்பத்தின் சுற்றொலி மிக்ஸ் அதில் உண்டு. அதே பெட்டியின் மற்ற தட்டுகளில் 1970 கோடையின் வேறு டேக்குகளும் மிக்ஸ்களும் நிறைய இருக்கின்றன.

---

கோமதி:

வினைல் பற்றி. அமெரிக்க முதல் பதிப்பு ரிப்ரைஸ் எம்எஸ் 2034, பிரிட்டிஷ் பதிப்பு டிராக் 2408 101. இந்த எண்கள் தட்டின் நடு லேபிளிலும் உறையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வேறு பதிப்பின் உறையில் தட்டைப் போட்டு விற்பது சகஜம்.

தட்டைக் கேட்டுப் பார்க்க அனுமதித்தால் மூன்று இடம் போதும். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'பெல்லி பட்டன் விண்டோ': உள்வட்டம், அமைதியான பாட்டு, கீறலும் தேய்மானமும் ஒளிய இடமில்லை. முதல் பக்கத்தின் கடைசி 'மை ஃபிரெண்ட்': ஹார்மோனிகா ஓங்கும் இடங்களில் கரகரத்தால், யாரோ அதிக எடையில் ஊசியை வைத்து ஓட்டியிருக்கிறார்கள், அதை எந்தக் கழுவலும் சரிசெய்யாது. மூன்றாவது 'ஏஞ்சல்': நீளும் ஸ்வரங்கள் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்கினால் நடுத்துளை மையத்தில் இல்லை என்று பொருள். அந்தத் தட்டை விட்டுவிடுங்கள்.

உங்கள் ஊசியின் எடையை அதன் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள். ஆடியோ டெக்னிக்கா விஎம்95ஈ என்றால் 2 கிராம். 'தட்டுக்கு நல்லது' என்று 1.5-க்குக் குறைத்தால் ஊசி பள்ளத்தில் தத்தும், தேய்மானம் அதிகமாகும்.

பழைய தட்டு விலை கட்டுப்படியாகவில்லை என்றால் 2014-இல் வந்த மறுபதிப்பைப் பாருங்கள். அதே பத்துப் பாட்டு, அதே வரிசை. 'ரெயின்போ பிரிட்ஜ்' ஆல்பமும் அப்போதுதான் மறுபடி வந்தது. ஸ்ட்ராட் மணி சொன்ன வரிசையும் வேண்டும், விட்டுப்போன பாட்டும் வேண்டும் என்றால் இந்த இரண்டையும் சேர்த்து வாங்குவது பதினேழு பாட்டுப் பதிப்பைவிட நல்லது. அந்தப் பதினேழில் இல்லாத, 'ரெயின்போ பிரிட்ஜ்' ஆல்பத்தில் இருக்கும் பெர்க்லி மேடைப் பதிவு 'ஹியர் மை டிரெய்ன் எ கமின்' ஒன்றுக்காகவே அந்த இரண்டாவது தட்டின் காசு தகும்.